பானட்டில் பதிந்த கட்டைவிரல்

கள்ளிக்குப்பம் திருவேங்கடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் போனால் மற்றவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள், பந்தியைப் பார்ப்பார்கள்; இவர் சீர்வரிசையில் நிற்கிற பீரோவைப் பார்ப்பார். கிட்டே போய்க் குனிந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஆரஞ்சுத் தோலு" என்று சொல்லிவிட்டு வருவார். பெயிண்ட் சமமாகப் படியாமல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். பெண் வீட்டார் முகம் சுண்டிப்போகும். அவருக்கு அதைப் பற்றி என்ன? இருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்டிங் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கொக்கியில் தொங்கிக்கொண்டு வரிசையாக வரும் பாகங்களை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தூசி, கொப்புளம், வழிசல் எது கண்ணில் பட்டாலும் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற மனிதர். ஷிப்ட் முடிந்து மணி அடித்தால் கை நின்றுவிடும், கண் நிற்குமா? அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

அந்தக் கண்ணுக்கு உரிய மரியாதை கிடைத்த ஒரே இடம் காட்டுப்பாக்கம். மனைவி தாட்சாயிணி பிறந்த வீடு. அங்கே அவர் பெரிய மாப்பிள்ளை. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு மாமியார் வேம்புலியம்மாள் ஒரு மிக்சி வாங்குவதென்றால்கூட, "பெரிய மாப்ள வந்து பாக்கட்டும்" என்பார். பிரிட்ஜ், கிரில் கேட், மாடியில் போட்ட ஷீட், எல்லாம் இவர் தலையசைத்த பிறகுதான் உள்ளே வந்தன. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இவர் ஒரு வெள்ளி நிற செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். அந்த உறவில் முதல் கார் அதுதான். மாமியாரின் கண் ஆபரேஷன், திருப்பதி, வளைகாப்பு, சாவு, எதற்குப் போனாலும் அந்தக் கார்தான். முன்சீட்டில் மாமியார், ஸ்டியரிங்கில் இவர். மற்றவர்கள் பின்னால் நெருக்கி அடித்துக்கொண்டு.

பின்னால் நெருக்கி அடித்தவர்களில் ஒருவன்தான் அசோக். தாட்சாயிணியின் தங்கை ரேகாவைக் கட்டியவன், திருவேங்கடத்துக்குச் சகலை. ஆவடிக்காரன். கல்யாணத்தின்போது ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு அதை விற்று ஒரு வேன் எடுத்தான். எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு வேன் இரண்டாகி, இரண்டு ஐந்தாகிவிட்டது. அதுவரைக்கும்கூடத் திருவேங்கடம் பொறுத்துக்கொண்டார். வேன் என்ன வேன், ஊரான் ஏறுகிற வண்டிதானே?

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசோக் காட்டுப்பாக்கத்துக்கு இனிப்பு டப்பாவோடு வந்தான்.

"அண்ணா, கார் புக் பண்ணிக்கீறேன். புதுசு. முத்து வெள்ளை" என்று போனை நீட்டினான்.

திருவேங்கடம் படத்தைப் பார்த்தார். நல்ல உயரமான, மொழுமொழுவென்ற கார். ஐயோ, அந்த நிமிஷம் அவர் வயிறு எரிந்தது இருக்கிறதே, இனிப்பு வாயில் வைத்தும் அணையவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் குறை தேடினார். படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். படத்தில் என்ன குறை தெரியும்?

"வெள்ளையா? அழுக்கு தெரியுமே" என்றார்.

"அதாண்ணா உங்களாண்ட கேக்கலாம்னு வந்தேன். பெயிண்ட் மேல ஒட்றாங்களாமே, கண்ணுக்கே தெரியாத பிலிமு. பிபிஎப்போ இன்னாவோ. கல் அடிச்சாலும் கீறல் வுழாதாம். அதுல பத்து தினுசு சொல்றாங்க. எனக்கு இன்னா தெரியும்? நீங்க வந்து பாத்து இதுன்னு சொன்னா அத்த ஒட்டிக்கறேன்."

"பெரிய மாப்ள பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார் வேம்புலியம்மாள், போனில் இருந்த காரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஷேக் தாவூதின் கடை. ஒரு காலத்தில் ரெக்சின் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவர், இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியுமாக பிலிம் கடை வைத்திருக்கிறார். ஒரு பழைய பானட்டைச் சுவரோடு சாய்த்து, அதில் வரிசையாக மூன்று வகை பிலிமை ஒட்டி வைத்திருந்தார்.

"இது பிவிசி சார். சல்லிசு. இது டிபியு, பளபளப்பு. இதுவும் டிபியுதான், பளபளப்பு இல்லாம மங்கலா இருக்கும். எது வேணும், நீங்களே பாருங்க."

திருவேங்கடத்தின் கண் முதலில் பிவிசியில் நின்றது. அடேயப்பா, எவ்வளவு சுலபம்! 'இதுவே போதும் அசோக்கு, மத்ததெல்லாம் சும்மா ஏமாத்து' என்று சொன்னால் முடிந்தது. ஒரே கோடை. ஆவடி வெயிலில் அந்த முத்து வெள்ளை வேகவைத்த பனங்கிழங்கு மாதிரிப் பழுத்துவிடும். அப்புறம் உரித்தால் பசை உரியாது. அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, சனியன், அது விடவில்லை. கை தானாக இரண்டாவது பிலிமுக்குப் போனது. நகத்தால் அழுத்தினார். துண்டு ஒன்றை வாங்கி இழுத்து விட்டுப் பார்த்தார், சுருங்கிப் பழையபடி ஆனது. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். ஆரஞ்சுத் தோல் இல்லை. தாவூத் கம்பி பிரஷ்ஷால் அதன்மேல் வறட்டு வறட்டென்று தேய்த்தார், கோடு கோடாக விழுந்தது. பிளாஸ்கிலிருந்து கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். அசோக் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து போயின.

"த்தோடா! கண்கட்டு வித்தையாட்டம் கீது" என்றான் அசோக்.

"வண்டி மேல வெச்சு பிளேடால வெட்டுவீங்களா பாய்?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"இல்ல சார், கம்ப்யூட்டர்ல அளவா வெட்டியே எடுத்துருவோம்."

"ஓரத்த உள்ள மடிச்சு ஒட்டணும். விளிம்பு தெரியக்கூடாது. கனம் எட்டு மில்லுக்குக் கம்மியா இருக்கக்கூடாது. வாரண்டி கார்டுல வண்டி நம்பரு எழுதிக் குடுத்துடணும்."

தாவூத் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார் லைன்ல இருக்கறவரு போல."

அந்த ஒரு சொல்லில் திருவேங்கடம் கொஞ்சம் குளிர்ந்தார் என்பது உண்மை. "ரெண்டாவது" என்று சொல்லிவிட்டார். சொன்ன உடனே நெஞ்சு காந்தியது. பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது யாருக்கு? அவருடைய வெள்ளிக் காரின் கதவில் மூன்று வருடமாக ஒரு கீறல் இருக்கிறது, அதற்கு டச்சப் அடிக்கவே அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை.

கார் வந்தது. நேராக ஷோரூமிலிருந்து தாவூதின் கடைக்குப் போய், நான்கு நாள் அங்கேயே கிடந்தது. புதன்கிழமை சாயந்திரம் எடுக்கப் போனபோது அசோக் திருவேங்கடத்தையும் கூட அழைத்துப் போனான். 'நீங்க பாத்து ஓகே சொன்னாத்தான் எடுப்பேன்' என்றான்.

திருவேங்கடம் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார், படுக்காத குறைதான். ஒரு கொப்புளம், ஒரு தூசி, ஒரு மடிப்பு இருக்கட்டுமே, கடவுளே! இல்லை. பானட்டில் மேலே ஓடும் மின்விசிறி தெரிந்தது. சாக்பீஸ் வட்டம் போட இடமே இல்லாத ஒரு பொருளை இருபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார். அதுவும் அசோக்குடைய பொருளாக.

அசோக் யாரோ டிரைவரிடம் போன் பேசிக்கொண்டு வெளியே போனான். தாவூத் இவர் பக்கத்தில் வந்தார்.

"சார், முக்கியமான விஷயம். எப்படியும் கோயிலுக்குப் போவீங்க, பூஜை போடுவீங்க. மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் போடுங்க. ஆனா பத்து நாளைக்கு பிலிமு மேல மஞ்சள், குங்குமம் மட்டும் வெக்காதீங்க. அது செட்டாகற வரைக்கும் மேல் பூச்சு இளசா இருக்கும். இப்ப கடையில விக்கற குங்குமம் பூரா சாயம். இறங்கிச்சின்னா கறைதான், வெந்நி ஊத்தினாலும் போகாது. கண்ணாடில வெச்சுக்கங்க. தம்பி போன்ல பிஸியா இருக்காரு, நீங்களே சொல்லிடுங்க."

"நான் சொல்லிக்கறேன் பாய்" என்றார் திருவேங்கடம். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தார்.

அசோக் உள்ளே வந்தான். பானட்டைத் தடவினான். முகம் முழுக்கப் பல். இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உங்க புண்ணியம். இனிமே அத்தைய ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு எல்லாம் நானே இட்டுகினு போறேன். உங்க வண்டியும் பாவம், எவ்ளோ நாள்தான் ஓடும்? அதுக்கு ரெஸ்ட் குடுத்துடுங்க" என்றான்.

ரெஸ்ட்!

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அது கேட்ட எவருக்கும் தெரியும், திருவேங்கடத்துக்கும் தெரியும். தெரிந்தால் எரிச்சல் குறைந்துவிடுமா? ஒன்பது வருடம். ராத்திரி, பகல், மழை, வெள்ளம். மாமியாருக்கு முன்சீட். பெரிய மாப்பிள்ளை என்கிற பேரே அந்தச் சீட்டில்தானே உட்கார்ந்திருந்தது? ஒரே வார்த்தையில் அதைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டானே பாவி!

"பாய் இன்னாண்ணா சொல்லிகினு இருந்தாரு?" என்று கேட்டான் அசோக்.

"ஒண்ணியும் இல்ல. நல்லா ஒட்டிட்டோம்னு சொன்னாரு."

வெள்ளிக்கிழமை காலை காட்டுப்பாக்கத்து அம்மன் கோயில் வாசலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானட்டுக்குச் சாமந்தி மாலை, உள்ளே ஒரு சின்னப் பிள்ளையார். தாட்சாயிணியும் ரேகாவும் பட்டுப்புடவையில் நின்றார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். திருவேங்கடம் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சொல்லவில்லை. வியாழக்கிழமை முழுக்கப் போன் கையில்தான் இருந்தது, சொல்லவில்லை. நாம் என்ன செய்தோம், சும்மாதானே இருந்தோம் என்று மனசுக்குள் ஒரு சமாதானம். அவனே வைப்பான், அவனே கறையாக்கிக்கொள்வான். நம் கை இதில் எங்கே இருக்கிறது?

பூசாரி தேங்காய் உடைத்து, தட்டை நீட்டினார். அசோக் கை நீட்டப் போனான். வேம்புலியம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னாப்பா, பழக்கத்த மறந்துட்டியா? உன் மொத வேன்லேர்ந்து கடசி வேன் வரைக்கும் யாரு கையால மொத பொட்டு? பெரிய மாப்ள, முன்னால வாங்க."

திருவேங்கடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அட, இதை எப்படி மறந்தார்? எத்தனை வண்டிக்கு வைத்திருக்கிறார்! அந்த வீட்டில் எந்த வண்டி வந்தாலும் முதல் பொட்டு மூத்த மாப்பிள்ளை கையால்தான். அவரே வைத்த பொட்டுகள், அவரே வாங்கின மரியாதை. இப்போது தட்டு அவர் கைக்கு வந்துவிட்டது.

குழைத்த மஞ்சள் ஒரு பக்கம், குங்குமம் ஒரு பக்கம். குங்குமத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, கத்திரிப்பூவும் சிவப்பும் கலந்த அந்த நிறம். பூரா சாயம் என்று பாய் சொன்னாரே, அதுதான். இருபத்தாறு வருடம் நிறத்தோடு கிடந்தவருக்குத் தெரியாதா? இப்போதுகூட ஒரு வார்த்தை போதும். 'கண்ணாடில வெச்சுக்கலாம் அத்தே, பிலிமு புதுசு.' அவ்வளவுதான்.

தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வைங்கண்ணா, உங்க கை ராசிலதான் நான் இந்த அளவுக்கு வந்துகீறேன்" என்றான் அசோக், கையைக் கூப்பிக்கொண்டு. ரேகா அவன் பக்கத்தில் கண் கலங்க நின்றாள். பானட்டில் கோயில் கோபுரம் தெரிந்தது, வானம் தெரிந்தது, அதற்குக் கீழே திருவேங்கடத்தின் முகமும் தெரிந்தது.

அப்படி வந்தவனா நீ? என் கை ராசியிலா? அப்படியானால் என் கைக்கு ஏன் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை?

மஞ்சளை எடுத்து நடு பானட்டில் ஒரு வட்டம் இட்டார். கட்டைவிரலைக் குங்குமத்தில் தோய்த்து, அந்த வட்டத்தின் நடுவில் வைத்தார். வைத்து அழுத்தினார். எவ்வளவு நேரம் அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது. தாட்சாயிணி, "இன்னாங்க, போதும்" என்ற பிறகுதான் விரலை எடுத்தார்.

வேம்புலியம்மாள் பூசணிக்காயை வண்டிக்கு முன்னால் சுற்றினார். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, எல்லா கண்ணும் பொசுங்கிப் போவட்டும்" என்று சொல்லி நடுரோட்டில் போட்டு உடைத்தார். உறவுக் கண் என்றபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. திருவேங்கடம் மட்டும் குனிந்து செருப்பைத் தேடினார்.

பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாகப் போக வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். கார் நாலு நாள் ஆவடி வெயிலில் நின்றது.

செவ்வாய்க்கிழமை டீ இடைவேளையில் போனில் படம் வந்தது. மஞ்சள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. குங்குமம் போகவில்லை. வெள்ளை பானட்டின் நடுவில், ரேகையோடு, சுழியோடு, இளஞ்சிவப்பாக ஒரு கட்டைவிரல். பத்திர ஆபீசில் வைத்ததுபோல் அவ்வளவு தெளிவு. படத்துக்குக் கீழே எழுத்து ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சின்னதுதான், ஒரு வாய் டீ உள்ளே இறங்குகிற நேரம்கூட இல்லை. அடுத்த செய்தி வந்ததும் அது போய்விட்டது. 'அண்ணா பாய் கடைக்கு போயிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை அத்தை ஊட்டுக்கு வாங்க. பேசணும்.'

பாய் கடைக்குப் போயிருக்கிறான். பாய் சொல்லியிருப்பார். சொல்லாமல் இருப்பாரா? 'பெரியவராண்ட அவ்ளோ தூரம் சொல்லி அனுப்பினேனே' என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருப்பார். அந்த ஐந்து நாளும் திருவேங்கடத்துக்கு வேலையே ஓடவில்லை. கம்பெனியில் நல்ல பாகத்துக்கு வட்டம் போட்டு, வழிசலை விட்டுவிட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டார். காட்டுப்பாக்கத்தில் எல்லார் முன்னாலும் அசோக் கேட்பான். மாமியார் கேட்பார். இனிமேல் மிக்சிகூட இவரைக் கேட்டு வாங்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் வாசலில் நின்றிருந்தது. திருவேங்கடம் தன் வெள்ளிக் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தாட்சாயிணியோடு நடந்து வந்தார். அசோக் பானட்டுக்குப் பக்கத்தில் நின்றான். மாமியார், ரேகா, எல்லாரும் வாசலில்தான்.

"பாய் சொன்னாருண்ணா" என்றான் அசோக். "மஞ்ச குங்குமம் வெக்கக்கூடாதுன்னு உங்களாண்ட சொன்னாராமே. மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பானட்டில் அந்த ரேகை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கிற பழக்கம் உள்ள மனிதருக்கு அதற்கு முன்னால் பொய் வரவில்லை.

"மறக்கல. தெரிஞ்சேதான் சொல்லல."

சொல்லிவிட்டார்.

அசோக் ரேகாவின் பக்கம் திரும்பினான். "பாத்தியா? நான் இன்னா சொன்னேன்?" என்றான். பிறகு இவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இவகிட்ட சொல்லிகினு இருந்தேண்ணா. அண்ணன் மறக்கற ஆளு இல்ல. கோயில் வாசல்ல அத்தை தட்டை நீட்டசொல்லோ, பொட்டு வெக்கக்கூடாதுன்னு எந்த மனுசன் சொல்லுவான்? எவ்ளோ அபசகுனம்! பிலிமு போனா போவுது, நல்ல காரியம் கெடக்கூடாதுன்னுதான் வாயத் தொறக்கலன்னு சொன்னேன். சரிதானே?"

திருவேங்கடம் வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் மாப்ள" என்றார் வேம்புலியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பானட்டு பிலிம மட்டும் உரிச்சிட்டு வேற ஒட்டிடலாம் அசோக்கு. நானே ஏத்துக்கறேன்" என்றார் திருவேங்கடம்.

"பொட்ட உரிக்கறதா? இன்னாண்ணா பேசறீங்க! எல்லார் வண்டிலயும் பொட்டு பத்து நாள்ல போயிடும். என் வண்டில எங்க அண்ணன் வெச்சது அப்டியே நின்னுகீது. இது இருக்கற வரைக்கும் இந்த வண்டிய ஒரு கண்ணும் ஒண்ணியும் பண்ணாது. இத்தப் பேசத்தான் வரச் சொன்னேன். பாய் சும்மாவே மாத்திக் குடுக்கறேன்னாரு, வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்." முன்கதவைத் திறந்துவிட்டான். "உக்காருங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நீங்க இன்னும் இதுல ஏறவேல்ல."

மாமியார் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பெரிய மாப்பிள்ளை முன்சீட்டில் உட்கார்ந்தார். பூந்தமல்லி ரோட்டில் கார் அலுங்காமல் ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெயிலில் பளபளத்த பானட்டின் நடுவில், அவருடைய கட்டைவிரல் போகிற வழி முழுக்க முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

சாயந்திரம் தங்கள் பழைய காரில் கள்ளிக்குப்பம் திரும்பும்போது தாட்சாயிணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் தாண்டிய பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"பொட்ட அவ்ளோ அழுத்தி வெப்பாங்களா யாராச்சும்?"

அவர் கியரை மாற்றினார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போன பிறகும் அவர் இறங்கவில்லை. கார் போகட்டும், வேன் போகட்டும், அதையெல்லாம் எப்படியோ விழுங்கிக்கொள்ளலாம். கண்ணுக்கு நேராக இருந்த குற்றத்தை எடுத்துப் பொட்டு என்று வைத்துக்கொள்கிற மனசு இருக்கிறதே, அந்த மனசும் அவனுக்குத்தானா வாய்க்க வேண்டும்? அதை நினைத்தபோதுதான் அவருக்கு வயிறு நிஜமாகவே எரிந்தது.